கண்ணுக்கு எட்டாத வேறுபாடு

முழு எச்டி திரையில் 1920×1080 புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்கு. இயல்பான கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. அதனால் 55 அங்குல முழு எச்டி திரையைச் சுமார் 2.2 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பவருக்குப் புள்ளிகள் தனித்தனியே தெரிவதில்லை. 4கே தரும் கூடுதல் நுணுக்கம் அங்கே பெரும்பாலும் வீண். (கடையில் திரைக்கு அருகே நிறுத்திக் காட்டுவது சும்மா அல்ல.)

கண்ணை எட்டிய வேறுபாடும் அறியப்பட்டதாகிவிடாது. சைவ சித்தாந்த அளவையியல் காட்சியைப் பகுக்கும்போது, பொருள் உண்டு என்ற அளவில் நிற்பதை நிருவிகற்பம் என்றும், பெயர், சாதி, குணம் முதலியவற்றோடு அறிவதைச் சவிகற்பம் என்றும் சொல்கிறது. கதையில் ஆழ்ந்தவருக்குத் திரையின் கூர்மை முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. இரு திரைகளை அருகருகே வைத்தால்தான் அது ஒரு குணமாகத் தெரிகிறது. ஒப்பிடாதவர் ஏமாந்தவரா? இல்லை. அவர் பார்க்க உட்கார்ந்தது கதையை. அதில் அவருக்கு எதுவும் குறையவில்லை.