இரவுண்ணாமையும் உயிர்க் கடிகாரமும்

நம் சமூகக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு கூற்று அடிக்கடி ஒலிக்கிறது. "சூரியன் மறைந்தபின் உண்ணலாகாது என்று நம் ஆன்றோர் வகுத்த நெறியை இன்று விஞ்ஞானமே மெய்ப்பித்துவிட்டது" என்பதே அக்கூற்று. கேட்கும்போது நமக்கும் பெருமிதம் உண்டாகிறது. ஆயினும், அந்தச் சான்று எவ்வழியில் பெறப்பட்டது என்று அறிந்தபின் அதனைப் பெருமையுடன் எடுத்துரைக்க நா எழவில்லை. அதன் காரணத்தை இங்கே சிந்திப்போம்.

உயிர்களின் உடலுக்குள்ளேயே காலத்தை அளக்கும் கடிகாரம் ஒன்று இயங்குகிறது. 1729-ஆம் ஆண்டில் தெ மேரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், பகலில் இலை விரித்து இரவில் கூம்பும் செடி ஒன்றை இருளில் வைத்துப் பார்த்தார். வெயில் படாதபோதும் அது வேளை தவறாமல் விரிந்தது, கூம்பியது. ஓரறிவு உயிராகிய செடிக்கும் காலம் தெரிகிறது என்பதை உலகம் அன்று கண்டது.

அடுத்து வந்த ஆய்வுகள் அத்துணை மென்மையானவை அல்ல. 1971-இல் அமெரிக்காவில் கோனோப்கா, பென்சர் என்னும் இருவர், பழ ஈக்களின் மரபணுக்களை வேதிப்பொருளால் மாற்றி, கடிகாரம் பிறழ்ந்த ஈக்களைக் கண்டறிந்தனர். அவ்வழியே மேலும் ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1972-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், எலிகளின் மூளையடியில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்கு மேலுள்ள சிறு நரம்பணுத் தொகுதியைச் சிதைத்துப் பார்த்தன. அந்த எலிகள் ஓடும் வேளையும் நீர் அருந்தும் வேளையும் ஒழுங்கிழந்தன. தலைமைக் கடிகாரம் இருக்கும் இடம் இவ்வாறே அறியப்பட்டது.

நம்மவர் எடுத்துக்காட்டும் உணவுநேர ஆய்வுகளுள் ஒன்று, சால்க் ஆய்வு நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்டது. கொழுப்பு மிகுந்த உணவை எந்நேரமும் உண்ட சுண்டெலிகள் பருத்து நோயுற்றன. அதே உணவை நாளில் எட்டு மணி நேரத்திற்குள் மட்டும் உண்டவை பெரிதும் தப்பின. இதனை அறியக் கல்லீரல் முதலிய உறுப்புகளை எடுத்து ஆராய்ந்தனர். அந்த எலிகளின் உயிர் அதற்கு விலையாயிற்று.

இதில் நம்மவர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. எலி இரவில் விழித்திருக்கும் உயிர். அந்த எட்டு மணி நேரமும் இரவிலேயே அமைந்திருந்தது! எலிக்கு இரவுணவே இயல்பானது. உண்பதற்கு உரிய வேளை ஒன்று உண்டு என்பதைத்தான் அவ்வாய்வு காட்டுகிறது. நம் நோன்புக்கு எலியைச் சாட்சி அழைப்போர், அது சொல்லாததைச் சொல்ல வைக்கிறார்கள்.

இனி அறத்தின் பக்கம் திரும்புவோம். தீவினை மூவகையில் நேரும் என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். எலியைச் சிதைத்தவர் நாமல்லோம். சிதைக்கச் சொன்னவரும் நாமல்லோம். ஆயின், அதன் பயனைக் கண்டு மகிழ்ந்து, மேடையில் முழங்கும்போது மூன்றாவது வாயில் திறக்கின்றதன்றோ?

இதற்கு மறுப்பு உண்டு. இரவுப் பணியாளர் படும் உடல்நலக் கேட்டை விளங்கிக்கொள்ளவும், உறக்கம் கெட்டவர்க்கு மருத்துவம் செய்யவும் இவ்வறிவு உதவுகிறது; அதை மறுப்பதால் மாண்ட எலி மீளப் போவதில்லை. இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. நோயாளியிடம், "இந்த மருத்துவம் உனக்கு வேண்டா" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால், துயர் தீர்க்க ஓர் அறிவைக் கையாள்வது வேறு. நம் சமயப் பெருமைக்கு அதனை அணிகலனாகப் பூணுவது வேறு. முன்னதில் இரக்கம் இருக்கிறது; பின்னதில் செருக்கு மட்டுமே இருக்கிறது.

இதைச் சொல்லும் நாமும் குற்றமற்றவரல்லோம். வகுப்பில் தவளையை அறுத்துக் காட்டியபோது, அருகில் நின்று உறுப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தது நம் குரலே. பாடத்திட்டம் என்று அன்று ஆறுதல் கொண்டோம். அந்த ஆறுதல் இன்று போதவில்லை.

உயிரைச் சிதைக்காமலும் அறியலாம். சமணர் மலைக்கு அண்மையிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் வௌவால்களை ஆராய்ந்தனர். பகலொளி எட்டாத குகைக்குள் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால்கள், தம் இனம் மாலையில் புறப்படுவதையும் விடியலில் திரும்புவதையும் கொண்டே தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன என்று கண்டனர். கூண்டும் துன்பமே எனினும், மூளையைச் சிதைப்பதற்கும் அதற்கும் நெடுந்தொலைவு உண்டு.

இரவுண்ணாமையை நம் முன்னோர் உடல்நலத்திற்காக மட்டும் வகுக்கவில்லை. இருளில் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் உணவோடு மாளும். விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் தீயில் விழும் என்னும் இரக்கமே அதன் வேர். நாளையே விஞ்ஞானம், "இரவில் உண்பதால் கேடில்லை" என்று கூறினால் நோன்பைக் கைவிடுவோமா? கைவிடுவோம் எனின், நாம் காத்தது நோன்பன்று, நம் உடலையே.

உயிர்க் கடிகாரம் நமக்கு உணர்த்துவது வேறொன்று. எறும்புக்கும் ஈக்கும் வௌவாலுக்கும் தத்தமக்குரிய வேளை உண்டு. அவற்றின் இரவை நம் ஒளியால் கெடுப்பதும் இம்சையே. திருவிழா முடிந்தபின்னும் ஆலய வளாகத்தில் விடியுமளவும் எரியும் பெருவிளக்குகளை அணைப்பதிலிருந்து நாம் தொடங்கலாம். அதற்கு எந்த எலியின் சாட்சியமும் வேண்டுவதில்லை.