ஐயம் தீர்ப்பாகுமா?

மனிதன் நாள்தோறும் தீர்ப்பு வழங்கிக்கொண்டே வாழ்கிறான். காஜியின் இருக்கையில் அமர்ந்தவர் மட்டுமே தீர்ப்பளிக்கிறார் என்று கருதிவிடலாகாது. மகன் பொய்யுரைத்தான், பங்காளி கணக்கை மறைத்தான், வேலைக்கு வந்தவள் பொருளை எடுத்தாள் என்று வீட்டுத் திண்ணையிலும் கடை மேசையிலும் நாம் மொழிகின்ற ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பேயாகும். இவற்றுள் எத்தனை அறிவின் மீது நிற்கின்றன? எத்தனை வெறும் ஐயத்தின் மீது நிற்கின்றன? ஐயத்துக்குத் தீர்ப்பாகும் தகுதி உண்டா? இதுவே ஈண்டு நாம் ஆராய விழையும் வினா.

இதனை விளக்க இயந்திர உலகிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இயந்திரத்துக்கு நாவில்லை, அது தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதுமில்லை, மறுப்பதுமில்லை. ஆகவே அதனைப் பற்றி நாம் கூறும் முடிவில் நம்முடைய நேர்மையே முழுவதும் சோதிக்கப்படுகிறது.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்பட்டு வந்தது. அந்நாட்டில் இன்றும் பலர் அதனைப் பேணி ஓட்டி வருகின்றனர். முதுமையடைந்த அவ்வண்டிகளைப் பற்றுகின்ற குறைகளுள் ஒன்று விந்தையானது. சீராக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் திடீரென நின்றுவிடும். சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல் மீண்டும் ஓடும். பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றாலோ அக்குறை தலைகாட்டுவதே இல்லை.

அடியோடு நின்றுபோன எஞ்சினை ஆராய்வது எளிது. குறை கண்முன் இருக்கிறது. வந்து வந்து மறையும் குறையே அறிவைத் திகைக்க வைக்கிறது. ஏனெனில் அதற்குக் காரணமாகக்கூடியவை பல. பெட்ரோலைச் செலுத்தும் மின்சாரப் பம்பின் தொடுமுனைகள் தேய்ந்து கருகியிருக்கலாம். டாங்கின் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டு, பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் வராமல் தடைப்படலாம். டிஸ்ட்ரிபியூட்டரைச் சார்ந்த கண்டென்சர் சூடேறும்போது செயலிழந்து, ஆறியதும் உயிர் பெறலாம். அல்லது டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளிருக்கும் மெல்லிய கம்பியின் இழைகள் அறுந்திருக்கலாம். மேலுறை முழுமையாய் இருப்பதால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பழுதற்றதாகவே தோன்றும்.

அவசரக்காரர் என்ன செய்வார்? இதற்கு முன் பார்த்த வண்டியில் பம்ப் கெட்டிருந்தது என்பதனால் இதிலும் பம்பே குற்றவாளி என்பார். அதனைக் கழற்றி எறிந்து புதியதைப் பொருத்துவார். வண்டி இரண்டு வாரம் தடையின்றி ஓடும். தம் தீர்ப்பு மெய்ப்பட்டதென்று மகிழ்வார். ஆனால் அக்குறையோ தானே மறையும் இயல்புடையது. அவர் எதையும் மாற்றாமல் விட்டிருந்தாலும் அந்த இரண்டு வாரம் வண்டி ஓடியிருக்கக்கூடும்! இங்கேதான் உண்மையான இடர் ஒளிந்திருக்கிறது. தானே மறையும் குறைக்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது பலித்ததுபோல் தோன்றும். எந்த நிரபராதியை வெளியேற்றினாலும் அவனே குற்றவாளி என்பது நிறுவப்பட்டதுபோல் தோன்றும்.

ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' நூலில் பஞ்சும் நெருப்பும் பற்றி ஆராய்ந்ததை அறிஞர் அறிவர். ஒன்று நிகழும்போது மற்றொன்று நிகழக் காண்கிறோம். 'அதனுடன்' நிகழ்ந்தது என்பதற்கே நம் கண் சாட்சி. 'அதனால்' நிகழ்ந்தது என்பதற்குக் கண் சாட்சியாகாது என்பது இமாமவர்களின் வாதத்தின் சாரம். இமாமவர்கள் அங்கே நாட்டியது அனைத்தையும் ஆக்குகின்ற இறைவனின் ஆற்றலை. எனினும் அந்நுண்ணிய வேறுபாடு நம் அன்றாட வாழ்வுக்கும் ஒரு கடிவாளமாகும். பம்பை மாற்றியபின் வண்டி ஓடியது என்பது காட்சி. மாற்றியதனால் ஓடியது என்பது நாமே சேர்த்துக்கொண்ட கூற்று.

அங்ஙனமாயின் காரணத்தைக் கண்டறிய வழியே இல்லையா? உண்டு. நம் உஸூலுல் ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரு சட்டத்தின் காரணத்தை, அதாவது 'இல்லத்'தை, அறிவதற்கு வகுத்த நெறிகளுள் இரண்டு இங்கு நினைக்கத்தக்கவை. ஒன்று 'ஸப்ர் வ தக்ஸீம்'. காரணமாகக்கூடியவற்றை எல்லாம் முதலில் வகுத்து நிறுத்தி, ஒவ்வொன்றாய்ச் சோதித்துத் தகாதவற்றை நீக்குவது. 'ஸப்ர்' என்னும் சொல் புண்ணின் ஆழத்தைக் கருவியிட்டு அளந்து பார்ப்பதைக் குறிக்கும் சொல்லாகும். மற்றொன்று 'தவரான்'. காரணம் இருக்கும்போது விளைவும் இருக்க வேண்டும். அது நீங்கும்போது விளைவும் நீங்க வேண்டும். திராட்சைச் சாறு மயக்கம் தராதவரை ஆகுமானது. மயக்கம் தரும்போது விலக்கப்பட்டது. தானே காடியாக மாறி மயக்கம் நீங்கியதும் மீண்டும் ஆகுமானது. நிறமோ, நீர்மையோ, திராட்சையோ காரணமல்ல; மயக்கமே காரணம் என்பது இவ்வாறு புலனாகிறது.

அறிவுடைய பழுது பார்ப்பவர் இவ்விரண்டையும் பெயரறியாமலே கையாள்கிறார். வண்டி நின்ற அந்த நொடியில் டாங்கின் மூடியைத் திறக்கிறார். காற்று சீறிக்கொண்டு உட்புகுந்து, உடனே எஞ்சினும் ஓடுமாயின் ஐயம் மூடியின்மேல் வலுக்கிறது. எனினும் அவர் அங்கே நின்றுவிடுவதில்லை. மூடியைத் தளர்த்தி நெடுந்தொலைவு ஓட்டுகிறார், நிற்கவில்லை. மீண்டும் இறுக்கி ஓட்டுகிறார்; நிற்கிறது. இப்போதுதான் அவர் ஐயம் அறிவாகிறது. குறை நீங்கியதைக் கண்டு நிறைவடையாமல், பழையதை மீண்டும் பொருத்திக் குறை திரும்பி வருகிறதா என்று பார்ப்பதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது.

அவருக்கு ஒரு சாட்சியும் உண்டு. எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள், பெரும்பாலான எம்.ஜி.பி. கார்களில் பற்றவைக்கும் மின்சுற்றோடு இணைந்திருக்கிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே எஞ்சின் அடங்கி, முள்ளும் அந்த நொடியே பூஜ்யத்தில் விழுமாயின் அம்மின்சுற்று அறுபட்டது என்று அது சாட்சி கூறுகிறது. வண்டியின் வேகத்தோடு மெல்ல இறங்குமாயின் அம்மின்சுற்று அறுபடவில்லை என்கிறது. ஆனால் அதற்காகப் பெட்ரோல் பக்கமே குறை என்று அறுதியிட்டுவிடலாமா? கூடாது. பிளக்குகளுக்குச் செல்லும் உயர் அழுத்த மின்சாரத்தைப் பற்றி அம்முள் ஏதும் அறியாது. சாட்சி கண்டதை மட்டுமே கூறுகிறது. காணாததை அதன் வாயில் நாம் திணிக்கலாகாது.

இனி வீட்டுக்குத் திரும்புவோம். ஓர் இல்லத்தில் எப்போதோ ஒருமுறை பணம் குறைகிறது என்று கொள்வோம். ஐயம் வேலைக்கு வரும் ஏழைப்பெண் மீது பாய்கிறது. ஏழை என்பதைத் தவிர வேறு சான்றில்லை. அவள் நீக்கப்படுகிறாள். இரண்டு மாதம் பணம் குறையவில்லை. "பார்த்தீர்களா?" என்கிறார்கள். இது பம்பை மாற்றியவரின் வாதமேயன்றி வேறென்ன? பழைய பம்பைப் பெட்டியிலிருந்து எடுத்து மீண்டும் பொருத்தலாம். திருடி என்று தெருவில் பெயர்பெற்றுவிட்ட ஒரு பெண்ணின் மானத்தை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்துவது? மூடியை இறுக்கித் தளர்த்திச் சோதிப்பதுபோல் மனிதரைச் சோதிக்கவும் இயலாது. ஆகவே இயந்திரத்துக்குக் காட்டும் பொறுமையினும் பன்மடங்கு பொறுமையை மனிதருக்குக் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.

ஐயத்தை மிகுதியாக விலக்குமாறும், ஐயத்துள் சில பாவமாகும் என்றும் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. உறுதி ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் ஐம்பெரும் விதிகளுள் ஒன்று. இமாம் ஸுயூத்தி (ரஹ்) தமது 'அல்அஷ்பாஹ் வந்நழாயிர்' நூலில் அதனை விரித்துரைக்கிறார். ஒளூ செய்ததில் உறுதியுடையவர், அது முறிந்ததோ என ஐயுற்றால் ஒளூ நிலைத்தே இருக்கும் என்பதை நம் மதரஸாக் குழந்தைகளும் அறிவர். சிறிது தண்ணீரின் செய்தியில் நாம் பேணும் இவ்விதியை ஒரு மனிதரின் மானத்தின் செய்தியில் கைவிடலாமா? பொறுப்பிலிருந்து நீங்கியிருப்பதே எவருக்கும் அடிப்படை நிலை என்பதும் நம் சட்ட நூல்கள் கூறுவதேயன்றோ!

"ஐயம் தீரும்வரை கைகட்டி இருப்பதா? நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உயிருக்கே ஆபத்தன்றோ?" என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வியே. ஆனால் காப்பு வேறு, தீர்ப்பு வேறு. குறை இன்னதென்று தெரியும்வரை அவ்வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதிருப்பது காப்பு. அதற்குப் பம்பைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. அதுபோலவே பணப்பெட்டியைப் பூட்டலாம், எண்ணி வைக்கலாம், சாவியை இடுப்பில் முடிந்துகொள்ளலாம். இவையனைத்தும் எவருடைய பெயரையும் உச்சரிக்காமலே செய்யத்தக்கவை. ஐயத்துக்கு இம்மட்டுமே உரிமை உண்டு. நம் பெட்டியைப் பூட்ட அது போதும். பிறர் மீது பழி சுமத்த அது போதாது.

மன்னிப்பில் பிழைபடுவது தண்டனையில் பிழைபடுவதினும் மேலானது என்பது நம் சட்ட மேதைகள் போற்றிய நெறி. தம் வீட்டிலும் கடையிலும் நாள்தோறும் நீதிபதியாக அமரும் ஒவ்வொருவருக்கும் அந்நெறியில் நிற்கும் பொறுமையை வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக!