அச்சு உடைந்தால்தான் விக்கிரகம்

ஓம் சரவணபவ. 

போன மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பெரிய தப்பு பண்ணிட்டேன். பூஜை அலமாரியை நகர்த்தியதில், அப்பா வில்லியனூரில் வாங்கி வந்த சுடுமண் முருகன் கீழே விழுந்து மூன்று துண்டாகிவிட்டது. அப்பா போய் ஒரு வருஷம்தான் ஆகுது. அம்மா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியல. பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை.

வில்லியனூர் மண் வேலையைப் பற்றி நம்ம புதுச்சேரிக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்தச் சுடுமண் கலைக்காக வி.கே.முனுசாமி ஐயாவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. களிமண்ணில் கல் பொறுக்கி, மிதித்துப் பிசைந்து, உள்ளே கூடு விட்டு உருவம் செய்து, நிழலில் காயவைத்துத்தான் சூளையில் அடுக்குவார்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சூட்டில் வெடித்துவிடும். அவ்வளவு பாடுபட்டு வந்த முருகன் என் கையால் போச்சே என்றுதான் வருத்தம்.

‘இனிமே உடையாத முருகன்தான் வேணும்’ என்று பஞ்சலோக விக்கிரகம் பார்க்கச் சுவாமிமலைக்குப் போனேன். அங்கே ஒரு பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி முதலில் மெழுகில் சாமியைச் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். நகம், விரல், மாலையின் மணி எல்லாவற்றையும் அந்த மண் அப்படியே பிடித்துக்கொள்ளும். மேலும் மண் பூசிக் காயவைத்துச் சுடும்போது மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

ஆறிய பிறகு ஸ்தபதி சுத்தியலை எடுத்து மண் அச்சை உடைக்க ஆரம்பித்தார். எனக்குப் பக்கென்றது.

“ஐயா, இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்ணினதை உடைக்கிறீங்களே?”

“உடைச்சாத்தான் தம்பி சாமி வெளியே வருவார். ஒரு அச்சுக்கு ஒரு சாமிதான்.”

பதில் பேசாமல் கோயிலுக்குப் போனேன். சுவாமிமலை ஒரு கட்டுமலை. கீழே சுந்தரேஸ்வரர், மீனாட்சி அம்மன் சந்நிதி. தமிழ் வருஷங்கள் 60-ஐக் குறிக்கும் 60 படி ஏறினால் மேலே சுவாமிநாதன். தகப்பனுக்குப் பிரணவப் பொருள் சொன்ன பிள்ளை மேலே நிற்கிறான். அப்பன் கீழே இருந்து பார்க்கிறார்.

எத்தனையோ முறை ஏறிய படிதான். அன்றைக்கு என்னால் நாலு படிக்குமேல் ஏற முடியல. உட்கார்ந்து அழுதுட்டேன். அப்பா மில்லில் ஷிஃப்ட் பார்த்து என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர். அவர் உடம்பு தேய்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. வேலை கிடைத்ததும் நானாகவே வார்த்து நின்ற மாதிரி நினைத்துக்கொண்டேன். அச்சு உடைந்த பிறகுதான், என் மேல் இருக்கிற ஒவ்வொரு கோடும் அந்த மண் பதித்தது என்று தெரியுது.

அடியார்களே, உடைகிற மண்ணைக் குறைவாக நினைக்காதீங்க. பஞ்சலோகத்துக்கும் முகம் கொடுத்தது மண்தான். மெழுகு போல நம் ‘நான்’ உருகி ஓடினால்தான் உள்ளே அவனுக்கு இடம் கிடைக்கும். நமக்கு அச்சாக இருந்தவர்கள் இன்னும் வீட்டில் இருந்தால், இன்றைக்கு விளக்கேற்றும் முன் அவர்கள் பக்கத்தில் அஞ்சு நிமிஷம் உட்காருங்க. நான் அதைச் செய்யாமல் விட்டவன்.

விக்கிரகம் வாங்காமலே திரும்பினேன். மறுநாள் அம்மாவை வில்லியனூருக்குக் கூட்டிப் போனேன். அம்மாவே ஒரு சுடுமண் முருகனை எடுத்தாங்க. பழைய துண்டுகளை அரசமரத்தடியில் வைத்தோம்.

“இதுவும் உடைஞ்சா என்னம்மா பண்றது?” என்றேன்.

“இன்னொண்ணு வாங்குவோம்டா. முருகனா உடைஞ்சான்?”

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!