வயலுக்கு உரிமையாளர் உண்டு, பூமிக்கு?

விசுவஜித் என்று ஒரு வேள்வி உண்டு. அதைச் செய்பவர் தமது உடைமைகள் அனைத்தையும் தானமாகக் கொடுத்துவிட வேண்டும். இந்த விதியை ஆராய்ந்த மீமாம்சகர்கள் ஒரு நுட்பமான கேள்வியை எழுப்பினார்கள். வேள்வி செய்பவர் அரசராக இருந்தால் அவர் பூமியையும் தானம் செய்யலாமா? கூடாது என்பது ஜைமினி மகரிஷியின் முடிவு. பூமி எல்லோருக்கும் பொதுவானது. பொதுவானதை ஒருவர் எப்படிக் கொடுக்க முடியும்? உரையாசிரியரான சபரர் இதை மேலும் தெளிவாக்குகிறார். வயல்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பூமி முழுவதற்கும் உரிமையாளர் என்று ஒருவரைக் காண முடியவில்லை. அரசருக்கு உரியது விளைச்சலில் ஒரு பங்கு மட்டுமே. அதுவும் விளைச்சலைக் காப்பதற்காக.

வேள்விச்சாலையில் எழுந்த இந்தக் கேள்வி இன்று பெருநகரங்களின் ஓரத்தில் வேறு வடிவில் எழுந்து நிற்கிறது. நகரம் வளர்கிறது, அதையொட்டிய வயலும் குளமும் மனைகளாகின்றன. ‘என் நிலம், நான் விற்கிறேன்’ என்கிறார் உரிமையாளர். அவர் விற்பது வயலை மட்டும்தானா?

கல்கத்தாவின் கிழக்குப் பகுதி இதற்கு நல்ல உதாரணம். நகரத்தின் மேற்கே ஹூக்ளி நதி ஓடுகிறது. ஆனால் நிலமோ கிழக்கு நோக்கிச் சரிந்திருக்கிறது. எனவே நகரத்தின் கழிவுநீர் நதியை நாடாமல் கிழக்கே சென்றது. அதைச் சுமந்த வித்யாதரி ஆறு தூர்ந்துபோயிற்று. அங்கிருந்த மீனவர்கள் அந்தக் கழிவுநீரையே ஆழம் குறைந்த குளங்களில் விட்டு மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். தேக்கிய நீரின்மீது சில வாரங்கள் வெயில் படுகிறது, பாசி வளர்கிறது, நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன, ரோகுவும் கட்லாவும் அந்தப் பாசியை உண்டு வளர்கின்றன. நாம் எங்கும் சபிக்கின்ற ஆகாயத்தாமரை, இங்கே கரையோரத்தில் வேலிபோல் நின்று அலைகளிலிருந்து கரையைக் காக்கிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் போகிறது. தாபா பகுதியில் நகரத்துக் குப்பை மக்கிய மண்ணில் காய்கறிகள் விளைந்தன. இவை அனைத்தையும் படிக்காத மக்கள் தங்கள் அனுபவத்தால் அமைத்தார்கள். 1980களில் அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ் கழிவுநீரின் போக்கைப் பின்தொடர்ந்து சென்று, அதன் அருமையை உலகிற்கு எடுத்துரைத்தார்.

அதற்குள் வடபகுதி கைநழுவியிருந்தது. 1960களிலேயே அதை நிரப்பி சால்ட் லேக் குடியிருப்பை உருவாக்கத் தொடங்கிவிட்டார்கள். எஞ்சியதிலும் கட்டடங்கள் எழவிருந்த நிலையில், ‘பப்ளிக்’ என்ற குடிமக்கள் அமைப்பு கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடியது. அந்தச் சதுப்பு நிலத்தை நிரப்பக்கூடாது என்று 1992-இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி தீர்ப்பளித்தார். 2002-இல் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் மாநில அரசு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

சட்டம் வந்ததும் கேள்வி முடிந்துவிடவில்லை. அறத்தின் கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது எனலாம். மறுதரப்பின் வாதம் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. குளத்துக்காரருக்கும் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், பெண்ணுக்குத் திருமணம் செய்ய வேண்டும். குளமாக இருக்கும்வரை கிடைப்பது மீன் விற்ற காசு. மனையாக்கினால் கிடைப்பது அதைப்போல் பல மடங்கு. மாடி வீட்டில் நின்றபடி, ‘அந்தப் பசுமை அப்படியே இருக்கட்டும்’ என்று சொல்பவர் எதை இழக்கிறார்? அவர் வீடு நிற்கும் இடமும் ஒரு காலத்தில் குளமாக இருந்திருக்கலாம். பிறரிடம் வற்புறுத்திப் பெறுகின்ற தியாகத்திற்குத் தியாகம் என்று பெயரில்லை.

சபரரின் நியாயம் இங்கே இரு பக்கமும் வெட்டுகிறது. பூமி பொது என்பதால் உரிமையாளர் தம் விருப்பம்போல் அதை அழிக்கலாகாது, சரி. ஆனால் காப்பதற்காகவே அரசருக்குப் பங்கு என்றால், பங்கு பெறுகிறவர் யாராயினும் காக்கும் கடமையும் அவருக்கு உண்டு. இந்த நிலத்தில் கல்கத்தா பெறும் பங்கு சிறிதா? கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை அது மீனவரின் உழைப்பால் பெறுகிறது. சந்தைக்கு மீனும் காய்கறியும் வருகின்றன. மழைநீர் வடிவதற்கு இடம் கிடைக்கிறது. கடமையோ மீனவரிடம் மட்டும் விடப்பட்டிருக்கிறது.

அந்தக் கடமை பெரிய தத்துவமாக இருக்க வேண்டியதில்லை. வாய்க்கால்களைக் காலத்தில் தூர்வாருவது, தோல் பதனிடும் ஆலைக் கழிவை வீட்டுக் கழிவுநீரோடு கலக்காமல் தடுப்பது, பிளாஸ்டிக்கை வாய்க்காலில் எறியாதிருப்பது ஆகியவை அதில் அடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே மலிவாக ஒரு மனை வருகிறது என்று கேள்விப்பட்டதும் முன்பணத்தோடு ஓடாதிருக்க வேண்டும். சட்டத்தை மீறி மனை விற்பவரைப் பழிப்பது சுலபம். வாங்குபவர் பெரும்பாலும் நகரத்து நடுத்தரக் குடும்பத்தவர், பக்தியுள்ளவராகவும் இருக்கலாம்.

குளங்களை அழிக்க மண் கொட்ட வேண்டும் என்பதுகூட இல்லை. மதகு வழியே கழிவுநீர் போதிய அளவு வராவிட்டால் மீன் குறைகிறது. வருமானம் குறைந்ததும் குளத்துக்காரர் வேறு பிழைப்புக்குப் போகிறார். நீர் வற்றிப் புல் முளைத்த அந்த நிலத்தைப் பார்க்க ஒரு நாள் தரகர் வருகிறார்.