பாட்டன் பாட்டியார் கடன்



கணவனும் மனைவியும் மணவிலக்கு வேண்டி மன்றேறுங்கால், வழக்கிற் பெயர் எழுதப்படாத இருவர் அதன் பொருட்சுமையைத் தாங்குகின்றனர். அவர் பாட்டனும் பாட்டியுமாவர். அவர்க்குரிய கடன் யாது, அதற்கு எல்லை யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திருச்சிராப்பள்ளித் தலவரலாறு நாம் அறிந்ததே. இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண்ணின் பேறுகாலத்துக்கு வரவேண்டிய தாய், காவிரி பெருகியமையால் அக்கரையிலே தங்கினாள். தாயும் தந்தையும் இல்லாத சிவபெருமான் அத்தாயின் வடிவுகொண்டு வந்து மகப்பேறு பார்த்தருளினார். தாயுமானவர் எனத் திருநாமமும் பெற்றார். பெருமான் அங்கே மேற்கொண்டது பிறந்த மகவுக்குப் பாட்டியின் நிலையன்றோ? வெள்ளம் வடிந்து உரியவள் வந்ததும் அவ்விடத்தை அவளுக்கே விட்டு மறைந்தருளினார். இடர்வந்துழித் தாங்குதலும், உரியவர் கடனை உரியவர்க்கே விடுதலும் ஆகிய இரண்டும் அவ்வருட்செயலில் உள.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு மாறன்று. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், பிள்ளையைப் பேணுங் கடனைப் பெற்றோர்மீதே வைத்தது. பாட்டன் கொடுக்கின்றான் என்பதுபற்றித் தந்தை அக்கடனினின்றும் நீங்கான். மணவிலக்கு வழக்கு முடியுமளவும் காத்திராமலே நீதவான் நீதிமன்றத்திற் பராமரிப்புக் கேட்கலாம். நாணத்தாற் கேளாதுவிடின், இழப்பது பிள்ளையின் உரிமையே.

ஊவா மலைகளிற் கொழுந்து பறித்து முதிர்ந்தவர்க்குப் பெருந்துணையாவது, 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதிற் கிடைக்கும் அப்பொருள் முதுமைக்கு வைத்த சோறு. மருமகனை வெல்லுதற்கென்று அதனை வழக்கிற் கொட்டுதலும், போதாவிடின் நகையை அடகுவைத்து வட்டிக்கு வாங்குதலும் தருமமாகா. அவை சினத்துக்கு இடும் அவியாம். பேரப்பிள்ளைக்கு உணவு, மருந்து, பள்ளிச்செலவு என மாதந்தோறும் இயன்றதை அளந்து கொடுத்தலே தருமம்.

மகனைப் பெற்றவரோ, "மருமகள் போயினாள், பிள்ளையும் போயிற்று" என்று கைகழுவுவர். மணம் நீங்கினும் பேரன் பேரனே. அவர்க்கும் இக்கடன் உண்டு.

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளிற் கற்பிப்பீர், பிள்ளையின் கைபிடித்து அம்மாயி வருவாளாயின், பலர்முன் காரணம் வினவாதீர். தனியே அழைத்து, பராமரிப்புச் சட்டத்தின் பொருளை எடுத்துரைமின். பள்ளிச்செலவைத் தாளில் எழுதிக் கொடுமின். பிள்ளையின் தேவையை மன்றத்திற் காட்ட அது துணையாகும். இருகரைக்கும் இடையே வெள்ளம் ஓடும் நாளில், அக்குழந்தைக்கு நீவிரும் தாயுமானவர் தொண்டராவீர்.

திருச்சிற்றம்பலம்.