ஜோடி தப்பு

அம்பத்தூரில் எங்கள் மாடி வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினான்.

"அங்கிள், காலைல புராஜெக்ட் ரெவ்யூ. ரெண்டு நாளா இன்ஸ்டாலே ஆக மாட்டேங்குது!"

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. கோபத்தில் நாலு தடவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறான். எழுத்தைப் படிக்கத்தான் இல்லை. படித்தால் விஷயம் எளிது. அவனுக்கு இரண்டு பைத்தான் தொகுப்புகள் வேண்டும். இரண்டுமே மூன்றாவது ஒன்றை நம்பி நிற்கின்றன. ஒன்று, 'அதன் பழைய பதிப்புதான் வேண்டும்' என்கிறது. இன்னொன்று, 'புதுசு இல்லாமல் அசைய மாட்டேன்' என்கிறது. பைத்தானில் ஒரே இடத்தில் ஒரு பதிப்புதான் குடியிருக்க முடியும்.

"இதுல எது அங்கிள் தப்பு?"

எனக்கு எஸ்டேட் லேத் பட்டறைப் பெரியவர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். மில்லிமீட்டர் போல்ட்டில் இஞ்ச் நட்டை ஏற்றப் பார்த்தேன். ஒரு சுற்று போனது, பிடித்துக்கொண்டது. ஸ்பேனரை எடுத்தேன். "மரை போயிடும் சார். நட்டும் நல்ல நட்டு, போல்ட்டும் நல்ல போல்ட்டு. ஜோடிதான் தப்பு" என்றார்.

குடும்பச் சண்டைகளில் பாதி இந்த ரகம்தான், கவனித்திருக்கிறீர்களா?

ஆனால், கேள்வி அதோடு முடியவில்லை. 2.4.1 என்று பதிப்பு எண் போடுகிறார்கள் அல்லவா? பலர் பின்பற்றும் வழக்கப்படி, கடைசி எண் மாறினால் சின்ன ரிப்பேர். நடு எண் மாறினால் புது வசதி. முதல் எண் மாறினால், 'பழைய பேச்சு இனி செல்லாது, ஜாக்கிரதை' என்று அர்த்தம். அதாவது, எண் என்பது ஒரு வாக்கு. வாக்கை மாற்றும் உரிமை கொடுத்தவருக்கு உண்டா?

2016 மார்ச்சில் அஸெர் கோச்சுலு என்ற நிரலாளர், பெயர்த் தகராறு ஒன்றில் மனம் கசந்து, தான் இலவசமாகத் தந்திருந்த தொகுப்புகளை என்.பி.எம். கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. வெறும் 11 வரி. எழுத்துக்கு இடதுபக்கம் இடம் நிரப்பும், அவ்வளவுதான். உலகெங்கும் ஏகப்பட்ட நிரல்களின் நிறுவல் நின்றுபோனது. சுமார் இரண்டு மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். அதன்பின், பிறர் நம்பியிருக்கும் ஒன்றை நினைத்தபடி எடுக்க முடியாதபடி விதியையும் மாற்றினார்கள்.

அவர் பொருள், காசும் வாங்கவில்லை. எடுத்தால் என்ன தப்பு? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆவடியில் டேங்க் ஃபேக்டரி பக்கம், விடியற்காலை ஷிப்ட்டுக்காகவே திறக்கும் ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். லீவு போட அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால், முதல்நாளே ஒரு சிலேட்டில் எழுதிப் போட்டால், வெறும் வயிற்றோடு வருகிறவன் வீட்டிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு வருவான்.

பைத்தான்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். பழையதோடு ஒத்துப்போகாத மூன்றாம் பதிப்பு 2008-ல் வந்தது. இரண்டாம் பதிப்புக்கு விடைகொடுத்தது 2020 ஜனவரி 1-ல். நடுவில் 11 வருஷம் அவகாசம். மாறலாம். சொல்லாமல் மாறுவதுதான் துரோகம்.

பையன் விஷயம்? இந்தப் புராஜெக்ட்டுக்கு மட்டும் ஒரு தனிச் சூழல் அமைத்தோம். தனிக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடம்பிடித்த தொகுப்பின் முந்தைய பதிப்பு ஒன்று, மூன்றாவதின் பழைய பதிப்போடு ஒத்துப்போனது. எல்லா எண்களையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கச் சொன்னேன். மணி ஒன்று.

அவன் போனபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் யாரை நம்பியிருக்கிறோம் என்று பட்டியல் போட்டுவிடலாம். நம்மை யார் யார் நம்பியிருக்கிறார்கள் என்று? வாராவாரம் நம் போனுக்குக் காத்திருக்கும் ஒரு அத்தை இருக்கலாம். 11 வரிதான். நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

நிறுத்துவதற்கு முன், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.