மஞ்சள் கடுதாசியும் மனசாட்சியும்



கடனைத் தீர்க்க முடியாத விசுவாசி கோர்ட்டில் ஐ.பி. போடலாமா? சபையில் இதை யாரும் சத்தமாய்க் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். 2003-ல் நானே போட்டவன்.

தையல் கடை வைத்திருந்தேன். பெரிதாக்க வட்டிக்கு வாங்கினேன். பிசாசின் மேல் பழி போடமாட்டேன், என் ஆசைதான். ஒன்பது பேருக்கு 1,84,000 ரூபாய். அதில் ஒருவர் நம் சபையின் விதவைத் தாயார். முட்டை விற்றுச் சேர்த்த 12,000 ரூபாயை நோட்டு எழுதாமல் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து தந்தவர்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை. கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கும் அண்ணாச்சி, "வீட்டை மச்சான் பேருக்கு மாத்திட்டு வாங்க தம்பி, பிறகு மனு போடலாம்" என்றார். நெஞ்சு திக்கென்றது. 1920-ம் வருஷத்து மாகாணத் திவால் சட்டத்தை வாங்கி நானே படித்தேன். (2016-ல் புதுச் சட்டம் இயற்றின பிறகும் எங்களைப் போன்ற தனி ஆட்களுக்குப் பழையதே நீடித்தது.) இரண்டு வருஷத்துக்குள் கெட்ட எண்ணத்தோடு கைமாற்றின சொத்தைக் கோர்ட்டு ரத்து செய்யலாம். மறைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில். மனுவில் ஒவ்வொரு கடன்காரர் பெயரும் விலாசமும் தொகையும், என் சொத்தும் அதன் மதிப்பும் எழுதவேண்டும். எலிசாவிடம் அழுத விதவையின் ஞாபகம் வந்தது. வீட்டில் இருப்பது என்னவென்றுதான் தீர்க்கதரிசி முதலில் விசாரித்தார். அற்புதம் நடந்தும் கடன் ரத்தாகவில்லை பாருங்கள். எண்ணெயை விற்றுக் கடனை அடைக்கச் சொன்னார், மீதிதான் பிழைப்புக்கு.

அப்போதுதான் சோதனை. கடைசி யூனிஃபார்ம் ஆர்டர் பணம் 12,500 கையில் இருந்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மனு போட்டால் என்ன? நல்ல காரியம்தானே? ஆனால் மனுவுக்கு முந்தின மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்தால், ரிசீவர் அதைத் திரும்பக் கேட்கலாம். அந்த அம்மா வாசலில் ரிசீவர் ஆள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மூன்று ராத்திரி உபவாசமாய் முழங்காலில் நின்றேன். என் கண்ணுக்கு வட்டிக்காரர் பொல்லாதவர், அம்மா நல்லவர். ஆனால் இருவரிடமும் வாங்கின கை ஒன்றுதானே என்று ஆவியானவர் உணர்த்தினார். முழுத்தொகையையும் மனுவில் காட்டினேன்.

சாட்சி கெட்டுப்போகும் என்று மூப்பர் ஒருவர் வருத்தப்பட்டார். ராத்திரியோடு ராத்திரியாய் ஊரைவிட்டு ஓடினால் மட்டும் சாட்சி நிற்குமா?

சப் கோர்ட்டில் ஜட்ஜ் ஐயா, "வக்கீல் யார்?" என்றார். "நான்தான் ஐயா" என்றேன். கடன்காரர்கள் பின்னால் நின்றார்கள். அம்மாவும் நோட்டீஸோடு வந்திருந்தார். "தம்பி, எம்பேரையும் எழுதிட்டியா, நோட்டுகூட இல்லையே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா வைத்துப்போன ஓட்டு வீடு ஏலம் போனது. ரூபாய்க்கு எட்டணாதான் எல்லாருக்கும் கிடைத்தது. தையல் மெஷினையும் சமையல் பாத்திரத்தையும் தொடவில்லை; தொழிலாளியின் கருவியை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமில்லை. திரிகைக் கல்லை அடகாக வாங்காதிருக்க மோசே கட்டளையிட்டதும் இதற்குத்தானே!

2006-ல் விடுதலை ஆணை வந்தது. இனிச் சட்டப்படி நான் யாருக்கும் கடனாளியல்ல. ஏழாம் வருஷ விடுதலையைக் கொடுத்தவர் தேவனே, அதை நான் அற்பமாய் எண்ணவில்லை. ஆனால் 15-ம் சங்கீதமோ, தனக்கு நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல் மாறாதவனைப் பற்றிப் பேசுகிறது. கோர்ட்டு அவர்கள் பிடியிலிருந்து என்னை விடுவித்தது. என் வாய்ச்சொல்லிலிருந்து யார் விடுவிப்பது? அம்மாவுக்கு மாதம் 200 ரூபாயாக மீதியைக் கொடுத்தேன். மற்ற ஏழு பேருக்கும் சிறுகச் சிறுகக் கொடுத்து முடித்தேன்.

வட்டிக்காரருக்கு மட்டும் கொடுக்கவில்லை. முதலுக்கு மேலேயே வட்டியாக வாங்கிவிட்டவர் அவர். மீதியையும் கொடுக்கணுமா? இதில் எனக்கு இன்னும் தெளிவு கிடைக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு அவர் கடை வழியாகத்தான் போகிறேன். அவர் வணக்கம் சொல்லுகிறார், நானும் சொல்லுகிறேன்.